கழுத்து வைக்காத துணி

ஓதம் என்றால் ஒன்று தரையிலிருந்து மேலே ஏற வேண்டும், இல்லையென்றால் மேலே ஒழுகிக் கீழே இறங்க வேண்டும். இது இரண்டுமில்லாமல் நடைச்சுவரின் மத்தியில், விஜயகுமாரியின் இடுப்பு உயரத்துக்கு, தன்னந்தனியாக நின்றுகொண்டிருந்தது. சுற்றிலும் சுவர் சுக்காகக் காய்ந்திருந்தது. நேற்றுச் சாயங்காலம்தான் பெயின்டர் சகாயராஜ் மறுபடியும் பட்டி பார்த்து, தேய்த்து, மேலே வெள்ளை அடித்து, "எக்கா, இனி கறை வந்துச்சுன்னா நான் பெயின்டரே இல்லக்கா" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். காலையில் எழுந்து வந்து பார்த்தால் அதே இடத்தில் அதே ஈரம். மேலே சின்னதாக உருண்டு, கீழே கொஞ்சம் அகன்று.

"அட கெரகமே!" என்றாள் விஜி, சுவரைப் பார்த்து.

கையை வைத்துப் பார்த்தாள். ஜில்லென்று இருந்தது. புதுப் பெயின்ட் நெடிக்கு அடியில் வேறொரு வாசம் மெல்லமாக வந்தது, நனைந்த சுண்ணாம்போடு, நாளெல்லாம் வெயிலில் ஓடியாடிவிட்டு வந்த பிள்ளையின் உச்சந்தலை வாசம் கலந்தது போல. சகாயராஜுக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. எங்கே எடுப்பான்? எலக்ட்ரீசியன் எடுக்கவில்லை, கண்ணாடிக் கடைக்காரர் எடுக்கவில்லை, இந்த ஊரில் வேலைக்கு ஆள் பிடிப்பதற்குப் பதில் தானே கரண்டியைத் தூக்கிக்கொண்டு பூசிவிடலாம் போல இருந்தது.

திருப்பூர் ராயபுரத்தில் இந்தப் பழைய வீட்டைப் போன தையில்தான் கிரயம் பண்ணினார்கள். முன்கூடம் சரியாகிவிட்டது, சமையலறை சரியாகிவிட்டது. இரண்டுக்கும் நடுவில் ரயில் பெட்டி போல நீண்டு கிடந்த இந்த நடைதான் சரியாகாமல் உயிரை எடுத்தது. ஜன்னல் கிடையாது. இந்தக் கோடியில் ஒரு கதவு, அந்தக் கோடியில் ஒரு கதவு. விஜி தன் போன் முழுக்க நடைப் படங்களாகச் சேர்த்து வைத்திருந்தாள். மரச் சட்டம் அடித்த நடை, வட்டக் கண்ணாடி மாட்டிய நடை, மஞ்சள் வெளிச்சத்தில் பித்தளை உருளியில் பூ மிதக்கும் நடை. ஞாயிற்றுக்கிழமை மகள் நித்யஸ்ரீக்குக் காதுகுத்துச் சீர். கோயிலில் காது குத்தியானதும் ஒறம்பரை சனம் அத்தனை பேரும் சாப்பிட இங்கேதான் வருவார்கள். அத்தனை பேரும் இந்த நடை வழியாகத்தான் போவார்கள்.

கணவனின் அக்கா, விஜிக்கு நங்கை முறை, தேவிப்பிரியாவும் வருவாள். அவள் வீட்டு நடை கோயமுத்தூரிலிருந்து ஆள் வந்து டிசைன் பண்ணிக் கொடுத்தது. பால் காய்ச்சிய அன்றைக்கு இங்கே வந்தவள், நடையில் நின்று மேலும் கீழும் பார்த்துவிட்டு, "என்ன விஜி, குடோனாட்ட இருக்குது?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் போனாள். அந்த ஒரு கேள்வி இன்னும் விஜியின் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

"ஏனுங்க, சுவத்தப் பாத்தீங்களா? மறுக்காவும் வந்திருச்சு," என்றாள், இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்த கணவன் தங்கராஜிடம்.

"அதும்மேல ஒரு காலண்டரை மாட்டி உட்ரு," என்றான் அவன், போனிலிருந்து கண்ணை எடுக்காமல். அவனுடைய தையல் யூனிட்டில் சரக்கு போகிற வாரம். வீடு தீப்பிடித்தாலும் கன்டெய்னர் கிளம்பிய பிறகுதான் அவனுக்குத் தெரியும்.

அந்த இடத்தில் முன்பு ஒரு மாடக்குழி இருந்தது. வேலை ஆரம்பித்த முதல் நாளே கொத்தனாரை விட்டுச் செங்கல் வைத்து அடைத்தாயிற்று. அடைத்த மறுநாள் வீட்டை விற்றவர்களின் மகள் இந்துமதி போன் பண்ணினாள்.

"ஏனுங்கக்கா, நடையில மாடக்குழி ஒண்ணு இருக்குதுங்கள்ல? வருசத்துக்கு ஒருக்கா, ஆடி நோம்பியன்னைக்கு, பாவாடை சட்டை தெச்சு அதுல வெப்போமுங்க. இந்த வருசமும் வந்து வெச்சுட்டுப் போயர்றனுங்க. சித்த நேரந்தானுங்க."

"யாருக்குங்க?"

"எங்க அத்தைக்குங்க. அப்பாவோட தங்கச்சி."

"அத்தைக்குன்னா நேராப் போய் அவங்க கையில குடுக்கறதுதானுங்க?"

"அவங்களுக்கு ஏழு வயசுங்க," என்றாள் இந்துமதி.

விஷயம் புரிந்ததும் விஜிக்குப் பயமெல்லாம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. சின்னதிலேயே கன்னியாகச் செத்துப்போன பிள்ளைக்குத் துணி எடுத்து வைப்பது அவள் பிறந்த வீட்டிலும் உண்டு. அதற்காக விற்ற வீட்டுக்கு வருசா வருசம் துணியைத் தூக்கிக்கொண்டு வருகிறேன் என்றால் எப்படி? நாளைக்கு இந்த நடையில் வால்பேப்பர் ஒட்டினால் அதற்கும் இவளிடம் கேட்க வேண்டுமா?

"குழிய அடச்சாச்சுங்க. உங்க சாமிய உங்க ஊட்டுக்கே கூட்டிட்டுப் போயிருங்க," என்றாள்.

"கூப்புட்டமுங்கக்கா," என்றாள் இந்துமதி, அழுகிற குரலில். "வரமாட்டீங்கறாங்க."

விஜி போனை வைத்துவிட்டு அந்த நம்பரை பிளாக் பண்ணினாள்.

காலண்டர் யோசனையைத் திட்டித் தீர்த்த பிறகுதான் அவளுக்குத் துணி யோசனை வந்தது. யூனிட்டில் ஒரு குழந்தைகள் ஆர்டர் ரத்தாகி, பீச் கலரில் ஒரு ரோல் பனியன் துணி மூலையில் கிடந்தது. சுவர் முழுக்க அதை இழுத்துக் கட்டி, நாலு பக்கமும் சட்டம் அடித்து, மேலே ஒரு லைட்டு விட்டால் கறையும் மறையும், குடோன் பேச்சும் அடங்கும். கல்யாணத்துக்கு முன்னால் விஜி கம்பெனியில் செக்கிங்கில் இருந்தவள். துணியைத் தொட்டாலே அது எந்தத் துணியென்று சொல்லிவிடுவாள்.

சகாயராஜ் அன்று மதியம் தலையைச் சொறிந்துகொண்டே வந்தான். ரோலைப் பார்த்துவிட்டு, "எக்கா, சுவத்துக்குப் போயி பனியன் துணியா? இழுபடும்லாக்கா. திரைத்துணி வாங்கிருங்களேன்," என்றான்.

"திருப்பூர்ல இருந்துக்கிட்டு துணிக்குக் கடைக்குப் போகச் சொல்றியாப்பா? இந்த ஊட்டுல கரித்துணி, கால்மிதி, தலகாணி உறை எல்லாமே பனியன் துணிதான். சுவருக்கு மட்டும் ஆகாதா?"

"இல்லக்கா, ஆள் போட்டாத்தான் அந்தத் துணி நிக்கும். சுவத்துல…"

"நீ பட்டி பார்த்த லட்சணம் தெரியாதா எனக்கு? ஆணிய அடி."

அடித்தான். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரே துணி, வெட்டில்லை, தையலில்லை. லைட்டைப் போட்டதும் விஜிக்கே மூச்சு நின்றுவிட்டது. அவ்வளவு அழகு. படம் எடுத்து ஸ்டேட்டஸ் போட்டாள். தேவிப்பிரியா பார்த்துவிட்டாள், ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனம் விஜிக்கு விருந்து சாப்பிட்ட மாதிரி இருந்தது.

பள்ளிக்கூட வேனிலிருந்து இறங்கி வந்த நித்யஸ்ரீ நடை வாசலிலேயே நின்றுவிட்டாள். துணியை வெகுநேரம் பார்த்தாள்.

"அம்மா, இது யாருக்கு?"

"யாருக்கா? சுவத்துக்குத்தான் கண்ணு. நல்லா இருக்குதா?"

"கழுத்தே இல்லையேம்மா. எப்படிப் போட்டுக்குவா?"

"போய்க் கைகால் கழுவு போ. வந்ததும் வராததுமா கேள்வி," என்று விஜி அவளை விரட்டிவிட்டாள். யார் என்று கேட்கத் தோன்றவில்லை.

மறுநாள் காலையில் துணி கொஞ்சம் உப்பியிருந்தது. சரியாக அந்த இடத்தில், ஒரு தேங்காய் அளவுக்கு. விஜி தன்னையே திட்டிக்கொண்டாள். ரோலிலிருந்து பிரித்த பனியன் துணியை ஒரு நாள் விரித்துப் போட்டு ஓய விட வேண்டும், அப்போதுதான் அது தன் அளவுக்கு வரும். கட்டிங் டேபிளில் வேலை பழகுகிற பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்த விஷயம். அவசரத்தில் அப்படியே இழுத்து அடித்தாயிற்று, அதனால் தளர்ந்துவிட்டது. சட்டத்தைக் கழற்றி, துணியை முறுக்க இழுத்து, தானே ஸ்டேப்ளரால் பின் அடித்தாள். கைவிரல் காய்த்துப்போனது.

மத்தியானம் சமையலறையில் இருக்கும்போது நடையிலிருந்து சத்தம் கேட்டது. டிக். கொஞ்ச நேரம் கழித்து, டிக். போய்ப் பார்த்தால் பின்கள் சுவருக்கு அடியில் விழுந்து கிடக்கவில்லை, எதிர்ச்சுவரின் ஓரத்தில் போய்க் கிடந்தன, யாரோ உள்ளிருந்து துணியை எட்டித் தள்ளித் தெறிக்க விட்டது போல. உப்பல் மறுபடியும் வந்திருந்தது. அதற்குக் கீழே, இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக, இன்னும் இரண்டு சின்ன உப்பல்கள்.

விஜி பெரிய உப்பலில் உள்ளங்கையை வைத்து அமுக்கினாள். சுவரில் போய்ப் பட வேண்டிய கை படவில்லை. மெத்தென்று உள்ளே போனது. அப்புறம் நின்றது. அப்புறம், மெதுவாக, அவள் கையைத் திருப்பித் தள்ளியது.

கையை உதறி எடுத்தாள். காற்று அடைத்திருக்கும், பட்டி உரிந்து உள்ளே காற்று அடைத்திருக்கும், அந்த சகாயராஜ் நாசமாய்ப் போக, என்று சத்தமாகவே சொன்னாள். சத்தமாகச் சொன்னால் மனசுக்குத் தெம்பாக இருந்தது. ஆனால் அதன் பிறகு நடையைக் கடக்கும்போதெல்லாம் எதிர்ச்சுவரை ஒட்டியே போனாள். அந்த வாசம் இப்போது புடவையிலும் ஏறியிருந்தது.

நித்யஸ்ரீ நடைக்குள் காலே வைக்க மாட்டேன் என்றாள். தண்ணீர் வேண்டுமென்றாலும் முன்கூடத்திலிருந்தே கத்தினாள். சாப்பாடு அங்கே, தூக்கம் அங்கே. பாத்ரூமுக்கு மட்டும் அப்பாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு போய்வந்தாள். வெள்ளிக்கிழமை இழுத்துக்கொண்டு போகப் பார்த்ததற்குக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, தெருவே கேட்கும்படி அழுதாள்.

"ஏன் கண்ணு, என்ன இருக்குது அங்க? துணிதானே?"

"அவ என்ற கழுத்தத் தொட்டுத் தொட்டுப் பாக்கறாம்மா. எங்கிருக்குதுன்னு பாக்கறா."

அந்தக் கணம் விஜியின் முதுகு சில்லிட்டது. ஆனால் சில்லிட்ட இடத்தில் உடனே கோபம் வந்து உட்கார்ந்துகொண்டது. யார் சொல்லிக் கொடுத்தது இதெல்லாம்? நாளை மறுநாள் தாய்மாமன் வருவார், சீர்த்தட்டு வரும், நங்கை வருவாள். பிள்ளை இதே மாதிரி நிலையைப் பிடித்துக்கொண்டு அழுதால், 'ஊட்டுல என்னமோ இருக்குதாம்' என்று அன்றைக்கே பல்லடம் வரைக்கும் பேச்சுப் போய்விடும். இந்த வீட்டுக்காக, இந்த நடைக்காக, எத்தனை நாள் தொண்டை வறளக் கத்தி, எத்தனை பேரிடம் கெஞ்சி!

சனிக்கிழமை ஷட்டவுன். காலையில் போன கரன்ட் சாயங்காலம்தான் வரும். இன்வெர்டர் லைனை நடைக்கு இழுத்துத் தருகிறேன் என்ற எலக்ட்ரீசியன் இன்னமும் வரவில்லை. தெருவில் ஒரு தையல் மிஷின் சத்தம்கூட இல்லை. தேவிப்பிரியாவின் போன் எப்போது வேண்டுமானாலும் வரும். பலகாரத்துக்கு எறும்பு வரக்கூடாதென்று சமையலறைக் கதவைச் சாத்தி, பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் இருந்த கொண்டியை நடைப் பக்கமாகவே மாட்டியிருந்தாள்.

அப்போதுதான் நித்யஸ்ரீ முன்கூடத்து மூலையில் உட்கார்ந்த இடத்திலேயே பாவாடையை நனைத்துவிட்டாள். பாத்ரூமுக்கு நடை வழியாகத்தான் போக வேண்டும்.

ஏழு வயசுப் பிள்ளை. நாளைக்குச் சீர்.

விஜி பிள்ளையின் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய் நடைக்குள் நிறுத்தினாள்.

"இங்கயே நில்லு. ஒண்ணுமில்லைன்னு உனக்கே தெரியற வரைக்கும் நில்லு. பயம் போனதும் கூப்புடு, கதவத் தொறக்கறேன்."

"அம்மா வேண்டாம்மா! அம்மா!"

கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். கதவில் சின்னக் கைகள் படபடவென்று அடித்தன. விஜி கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கும் அழுகை வந்தது. கொஞ்ச நேரம்தான், கொஞ்ச நேரத்தில் திறந்துவிடலாம் என்று நினைத்தாள். போன் அடித்தது.

"என்ன விஜி, எல்லாம் ரெடியா?" என்றாள் தேவிப்பிரியா.

"ஆச்சுங்க நங்கை."

"ஸ்டேட்டஸ் பாத்தேன். சுவத்துக்கு என்னமோ துணி சுத்தியிருக்கறயாட்டம்? ஈரத்த மறைக்கறதுக்கா?"

"அய்யோ, அதெல்லாம் இல்லீங்க நங்கை. டிசைனுங்க."

கதவை அடிப்பது நின்றுவிட்டது. தேம்பல் மட்டும் கேட்டது. தேவிப்பிரியா தன் வீட்டு நடைக்கு எந்த ஊரிலிருந்து மரம் வந்தது என்று சொல்ல ஆரம்பித்தாள். "ஆமாங்க, ஆமாங்க," என்றாள் விஜி, காதைக் கதவுப் பக்கம் வைத்துக்கொண்டு. தேம்பலும் நின்றது. நித்யஸ்ரீ ஏதோ கேட்டாள், மெதுவாக, பள்ளிக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்த பிள்ளையிடம் பேசுகிற மாதிரி. பதில் கேட்கவில்லை. ஆனால் பதில் வந்திருக்க வேண்டும், ஏனென்றால் நித்யஸ்ரீ, "இப்படியில்ல, இங்க," என்றாள்.

"விஜி, கேக்கறயா?"

"கேக்கறனுங்க நங்கை."

உள்ளே ஒரு சிரிப்பு. கிச்சுக்கிச்சு மூட்டினால் வருகிற சிரிப்பு. அப்புறம் துணி இழுபடும் சத்தம். பனியன் துணியை இரண்டு பேர் இரண்டு பக்கம் பிடித்து நீளமாக இழுத்தால் வருமே, அந்தச் சத்தம். டிக். டிக்டிக்.

பிறகு ஒன்றுமில்லை.

"நங்கை, நான் அப்புறம்…" போனை வெட்டினாள். தாழை எடுத்தாள். கை வழுக்கியது. மறுபடி எடுத்தாள்.

"நித்யா?"

இருட்டு. போன் டார்ச்சைப் போட்டாள். நடை காலியாக இருந்தது. அந்தக் கோடியில் சமையலறைக் கதவு சாத்தியிருந்தது. கொண்டி மேலே, மாட்டியபடியே.

"நித்யா! கண்ணு! விளையாடாத சாமி, அம்மா திட்ட மாட்டேன்!"

ஒளிய இடமில்லை. நாலு சுவர், ஒரு துணி. ஓடிப்போய்க் கொண்டியைத் தட்டிச் சமையலறைக்குள் பார்த்தாள். பலகாரத் தட்டுகள் மூடியபடியே இருந்தன. திரும்பி வந்தாள். தரையில் ஈரப் பாதம், சின்னது. கதவிலிருந்து சுவர் வரை. சுவரோடு சரி.

வெளிச்சத்தைத் தூக்கிப் பிடித்தாள்.

துணி அசைந்தது.

உப்பல் இல்லை அது. தலை. துணிக்குள் ஒரு தலை, இந்தப் பக்கம் திரும்பியது, அந்தப் பக்கம் திரும்பியது. நெற்றி தெரிந்தது. மூக்கு. வாய் இருக்கிற இடத்தில் துணி உள்ளே போய்ப் போய் வெளியே வந்தது. கீழே இரண்டு கைகள் துணியை முட்டி முட்டி வழி தேடின.

"அம்மா."

அவள் பிள்ளையின் குரல். துணிக்குள்ளிருந்து. மூச்சு முட்டுகிற குரல்.

"அம்மா, கழுத்து கெடைக்கலம்மா."

விஜிக்கு அலறத் தோன்றவில்லை. காலைகளில் அவசரத்தில் பனியனுக்குள் தலை மாட்டிக்கொண்டால் நித்யா இப்படித்தான் கத்துவாள். இதே வார்த்தை, இதே குரல். இரு கண்ணு, அம்மா இருக்கேன், இரு, இரு. துணியை நகத்தால் கிழிக்கப் பார்த்தாள். பனியன் துணி கிழியாது, வரும். எவ்வளவு இழுத்தாலும் கூடவே வரும். சட்டத்தைப் பிடித்து உலுக்கினாள். அசையவில்லை. வாய் இருக்கிற இடத்தில் துணி உள்ளே போனது, வெளியே வர நேரமானது.

முன்கூடத்துக்கு ஓடினாள். தையல் டப்பாவைக் கொட்டினாள். கத்திரி.

திரும்பி வந்தபோது தலை ஆடுவது நின்றிருந்தது. துணி வாய்க்குள்ளேயே இருந்தது.

பிள்ளையின் கழுத்தளவு அவளுக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். உச்சந்தலைக்கு மேலே துணியைக் கிள்ளி எடுத்து ஒரு வெட்டு. கத்திரியைத் திருப்பி, வளைத்து, சுற்றி. வட்டமாகத் துணி அவள் காலடியில் விழுந்தது. வெட்டின விளிம்பு சுருண்டது.

தலை வெளியே வந்தது.

முடி கலைந்து நெற்றியில் ஒட்டிக் கிடந்தது. கண்ணை இறுக்க மூடியிருந்தது. கன்னம் சிவந்திருந்தது. மூச்சு விட்டது. நித்யா. அவளுடைய நித்யா. விஜி கதறிக்கொண்டே அந்தக் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்து முத்தமிட்டாள். சூடாக இருந்தது. உயிரோடு இருந்தது. "வந்துட்டயா சாமி, வந்துட்டயா, அம்மா இனிமே எதுவும் சொல்ல மாட்டேன், வா, வெளிய வா." தோளைப் பிடித்து இழுக்கக் கையைக் கீழே கொண்டுபோனாள்.

தோள் இல்லை.

துணி தட்டையாக இருந்தது. துணிக்குப் பின்னால் சுவர். கெட்டியாக. ஈரமாக. இந்தப் பக்கம் தடவினாள். சுவர். அந்தப் பக்கம். சுவர். கழுத்தைச் சுற்றி விரலை விட்டுப் பார்த்தாள். தோல் முடிகிற இடத்தில் பட்டி ஆரம்பித்தது. நடுவில் நகம் நுழையக்கூட இடமில்லை.

"நித்யா… ஒடம்பு எங்க கண்ணு? கை எங்க?"

அந்த முகம் கண்ணைத் திறக்கவில்லை. சட்டை மாட்டும்போது கண்ணில் துணி படாமல் இருக்கப் பிள்ளைகள் மூடிக்கொள்கிற மாதிரி மூடியபடியே, கொஞ்சம் நிமிர்ந்து, பொறுமையாகக் காத்திருந்தது.

"கழுத்து சரியா இருக்குதும்மா," என்றது. "இப்பக் கை வெட்டு."

விஜி சுவரில் பிள்ளையின் தோள் எங்கே இருக்க வேண்டுமென்று தடவிப் பார்த்தாள். இடது கைவிரலை அங்கே ஊன்றிக்கொண்டு, வலது கையால் கத்திரியை விரித்தாள்.